பழுதுள்ள பழைய ஜீப்பை விற்பது எவ்வாறு?

பழைய வண்டியை விற்பது பற்றி எழுதுவோர், வண்டியைக் கழுவித் துடைத்து, கீறல்களுக்கு வண்ணம் பூசி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறித் தொடங்குவது வழக்கம். ஐந்தாறு ஆண்டுகளே ஓடிய நகரத்துக் காருக்கு அது பொருந்தும். பதினைந்து ஆண்டுகளை நெருங்கியோ கடந்தோ, பழுதுடன் கொட்டகையில் நிற்கும் நாற்சக்கர இயக்க வண்டிக்கு அது பொருந்தாது. அத்தகைய வண்டியைத் தேடி வருபவர் பெரும்பாலும் அதன் அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்தவர். புதுப் பூச்சைக் கண்டால் அவர் மகிழமாட்டார். பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஐயுறுவார். அந்த ஐயத்திற்கும் அவர் ஒரு விலை வைப்பார். அது பழுதின் உண்மையான செலவைக் காட்டிலும் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே, பழுதை மறைத்து விற்பதைவிடப் பழுதை எழுதிக் கொடுத்து விற்பதே விற்பவருக்கு ஆதாயம் என்பது நம் கருத்து. அதற்கு இணையான மற்றொரு செய்தியும் உண்டு. பணம் கைக்கு வந்த நாளில் விற்பனை முடிந்துவிடுவதில்லை. பதிவேட்டில் நம் பெயர் நீங்கும் நாளில்தான் அது முடிகிறது. இவ்விரண்டையும் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் சொல் விளக்கம். பேச்சு வழக்கில் எல்லாக் கார்களையும் ‘ஃபோர் வீலர்’ என்கிறோம். நாற்சக்கர இயக்க வண்டி என்பது வேறு. எஞ்சினின் விசை, வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் செல்லுமாறு அமைந்த வண்டியே அது. 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கிய பின், ‘ஜீப்பு’ என்பதே இவ்வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது. 1985இல் மாருதி ஜிப்ஸியும், 1996இல் 1.3 லிட்டர் எஞ்சினுடன் ஜிப்ஸி கிங்கும் வந்தன. குடகின் காப்பித் தோட்டங்களிலும் இடுக்கியின் மலைச்சரிவுகளிலும் இமாசலத்தின் கிராமப் பாதைகளிலும் இவை இன்றும் உழைக்கின்றன. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூ மலைக்கு ஏறும் லேண்ட் ரோவர்களில் பல 1950களைச் சேர்ந்தவை. வயது முதிர்ந்தும் இவற்றுக்குத் தேவை குறையாததற்குக் காரணம் எளிது: கரடுமுரடான பாதையில் ஏறக்கூடியதாகவும், சிற்றூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கக்கூடியதாகவும் உள்ள வண்டிகள் சந்தையில் மிகச் சிலவே. ஆகவே உங்கள் கொட்டகையில் நிற்பது வெறும் இரும்பன்று; எனினும் மழைக்காலம் ஒவ்வொன்றும் அதன் விலையைச் சிறிது அரித்துச் செல்லும்.

எங்கே பழுதடைகிறது?

எடுத்துக்காட்டுக்கு ஜிப்ஸியையே கொள்வோம். அதன் உடற்பகுதி, ஏணி போன்ற ஒரு சேசிஸின்மேல் அமர்ந்திருக்கிறது. கியர் பெட்டிக்குப் பின்னால் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்னும் இரண்டாவது பெட்டி உள்ளது. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன் அச்சுக்கும், மற்றொன்று பின் அச்சுக்கும் செல்கின்றன. சிறு நெம்பு ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களும் விசை பெறும். இன்னும் தள்ளினால் வேகம் குறைந்து இழுவை மிகும்.

வயதான வண்டியில் துரு முதலில் கவ்வுவது சேசிஸில் பட்டை ஸ்பிரிங்குகள் பூட்டப்பட்டுள்ள இடங்களையும், உடற்பகுதி சேசிஸுடன் இணையும் இடங்களையும்தான். மிதியடிக்குக் கீழே தரைத்தகடு ஓட்டை விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அது சிறு பழுது. சேசிஸில் விழுந்த விரிசல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதுவே பெரும் பழுது. அடுத்து, முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள கிங்பின் பேரிங்குகள் தேய்ந்தால், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கடுமையாக ஆடும். புகையின் நிறமும் ஒரு சாட்சி. நீலம் கலந்திருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டீசல் வண்டியில் கரும்புகை வந்தால் பெரும்பாலும் இன்ஜெக்டர், பம்பு, காற்று வடிகட்டி ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்கவேண்டும்.

இவ்வகை வண்டிகளுக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. முன் அச்சில் ஓசை எழுந்தால், செலவுக்கு அஞ்சி முன் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கொட்டகையின் மூலையில் சாய்த்துவிட்டு, பின் சக்கர இயக்கத்தில் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் பலர். நெம்பு அப்போதும் அசையும். ஆனால் முன் சக்கரம் விசை பெறாது. இந்நிலையில் உள்ள வண்டியை ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று சொல்லி விற்பது பொய்யுரையே. கழற்றிய ஷாஃப்ட்டைத் தேடி எடுத்து, துடைத்து, வண்டியுடன் சேர்த்துக் காட்டுங்கள். பாகம் இருக்கிறது என்பதே வாங்குபவருக்குப் பாதி ஆறுதல்.

இதற்கு மாறான ஒரு தவறான புரிதலும் நேர்வதுண்டு. வாங்க வந்தவர் தார்ச்சாலையில் நெம்பைத் தள்ளி, வண்டியைக் கூர்மையாகத் திருப்பிப் பார்ப்பார். ஸ்டீயரிங் இறுகும், சக்கரங்கள் துள்ளும். ‘முன் அச்சு போய்விட்டது’ என்று சொல்லி அவர் விலையைக் குறைப்பார். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. ஜிப்ஸி போன்ற வண்டிகளில் அந்த வேறுபாட்டை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. மண்ணில் சக்கரம் சற்றுச் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தாரில் முடியாது. அது பழுதன்று, வண்டியின் அமைப்பு. ஆகையால் ஓட்டிக் காட்டுவதற்கு நீங்களே ஈரமண் நிலம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது?

எல்லாவற்றையும் பழுதுபார்த்து விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. நாம் அதை ஏற்பதில்லை. பெயின்டு, டிங்கரிங், இருக்கை உறை, பெரிய டயர் ஆகியவற்றில் இட்ட பணம் முழுமையாகத் திரும்புவது அரிது. வாங்குபவருக்குத் தமக்கென ஒரு பட்டறையும், தமக்கென ஒரு விருப்பமும் இருக்கும்.

பதிவுக்காலம் பற்றிய பழுதுகள் வேறு வகை. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டி தகுதியுடையதா என ஆய்ந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். காலாவதியாவதற்கு முன் 60 நாள்களுக்குள் படிவம் 25 வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். பதிவு முடிந்த வண்டியை வாங்குபவர், அதனை முறையாகத் தம் பெயருக்கு மாற்றவோ சாலையில் ஓட்டவோ இயலாமல் தவிப்பார். எனவே பிரேக், விளக்குகள், ஹாரன், வைப்பர், சைலன்சர், டயரின் வரிப்பள்ளம் எனத் தகுதி ஆய்வில் பார்க்கப்படுபவற்றைச் சரிசெய்து பதிவைப் புதுப்பிப்பது வீண் செலவன்று. புதுப்பித்த ஐந்தாண்டுகளே நீங்கள் விற்கும் பொருளின் பெரும்பகுதி.

பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பற்றித் தனியே ஒரு சொல். அவற்றில் குறை இருப்பதைச் சொல்லிவிட்டோமே என்று சாவியைக் கொடுத்து அனுப்பிவிடலாகாது. வாங்கியவர் அன்றே மலைப்பாதையில் தம் வீட்டுக்கு ஓட்டிச் செல்வார். எதிரே வருபவரிடம் நீங்கள் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சரிசெய்து கொடுங்கள், இயலாவிடில், இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வதை விற்பனையின் நிபந்தனையாக எழுதுங்கள்.

மாற்றியமைத்த வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. எஞ்சின் மாற்றப்பட்டு, அந்த எண் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். கழற்றிவைத்த பழைய பம்பரும் கூரையும் இருந்தால் அவற்றையும் உடன் கொடுங்கள்.

விலை

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே. சந்தை விலை ஊருக்கு ஊர் மாறும். பழுதில்லாத அதே வகை வண்டி உங்கள் பகுதியில் 3,50,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். பட்டறையில் எழுத்து வடிவில் மதிப்பீடு வாங்குகிறீர்கள். முன் அச்சு வேலைக்கு 28,000, கிளட்ச்சுக்கு 14,000, நான்கு டயர்களுக்கு 22,000, சேசிஸ் வெல்டிங்குக்கு 18,000, மொத்தம் 82,000. அதைக் கழித்தால் 2,68,000. திறந்து பார்த்தால்தான் தெரியும் குறைகளுக்காக 20,000 விட்டால் 2,48,000. இதுவே நேர்மையான விலை. மதிப்பீடு ஏதுமின்றி, ‘சில்லறை வேலைகள் இருக்கின்றன’ என்று மட்டும் சொன்னால், வந்தவர் மிக மோசமானதை எண்ணி இரண்டு லட்சத்திலிருந்து பேரத்தைத் தொடங்குவார். அந்த 48,000 ரூபாய் வேறுபாடு, பட்டறைக்காரர் எழுதித் தந்த ஒரு தாளின் மதிப்பு. இயன்றால் இரண்டு பட்டறைகளில் வாங்குங்கள். பழைய ரசீதுகளையும் தேடி எடுங்கள். ராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டியாயின் ஏலத்தாள் இன்றியமையாதது.

இவ்வயதுடைய வண்டிகளுக்குப் பொதுவாக வங்கிக் கடன் கிடைப்பதில்லை. ஆகவே வாங்குபவர் தம் கைப்பணத்தையே கொண்டுவருவார். பேரம் கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கிட்டுப் பார்த்துப் பழுதின் செலவே நல்ல வண்டியின் விலையை எட்டுமாயின், விற்பனை உரிய வழியன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் உலோக மதிப்பும் ஒரு சான்றிதழும் கிடைக்கும். அச்சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை; மாநில ஆணைக்கேற்ப வாகன வரியிலும் 25 விழுக்காடு வரை சலுகை உண்டு. தெருமுனைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டால் இவை கிட்டா. பதிவேட்டிலும் வண்டி உங்கள் பெயரிலேயே உயிருடன் இருக்கும்.

பேசாமல் இருப்பது குற்றமா?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் இதற்கு ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒருவர், நலமற்றது எனத் தாம் அறிந்த குதிரையை ஏலத்தில் விற்கிறார்; அதன் குறையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அது வஞ்சனையாகாது. வாங்குபவர் அவருடைய அண்மையில் வயதுவந்த மகளாக இருந்தால், உறவின் காரணமாகச் சொல்லவேண்டிய கடமை உண்டு. மூன்றாவதாக, ‘நீர் மறுக்காவிடில் குதிரை நலமாக இருக்கிறது என்று கொள்வேன்’ என வாங்குபவர் கூற, விற்பவர் வாய் திறவாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும். குதிரை நின்ற இடத்தில் ஜீப்பை நிறுத்திப் பார்த்தால், நம் காலத்து விற்பனைகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகையில் அடங்கும். ‘பெரிய வேலை ஒன்றும் இல்லையே?’ என்று கேட்காத வாங்குநர் எவர்? மேலும், அறிந்த குறையை முயன்று மறைப்பது அதே பிரிவின்கீழ் வஞ்சனையே. சேசிஸ் விரிசலின்மேல் தார்ப்பூச்சு அடிப்பது மௌனமன்று, அது செயல். வஞ்சனையால் பெற்ற ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் விலக்கிக்கொள்ள முடியும்.

வங்கிகள் தம் ஏல அறிவிப்புகளில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதுவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். தனிப்பட்ட விற்பனையிலும் அவ்வாறு எழுதலாம். ஆனால் அத்தொடர் மட்டும் போதாது. அறிந்த பழுதுகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, பட்டறை மதிப்பீட்டை இணைத்து, ‘இவற்றைப் பார்த்தறிந்து வாங்குகிறேன்’ என்று வாங்குபவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். நாளை எழக்கூடிய வழக்கைத் தடுப்பது இத்தாள்தான்.

பெயர் நீங்கும் வரை

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ‘உரிமையாளர்’ என்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவரே. ஒருவர் 2007இல் விற்ற வண்டி அடுத்தடுத்துப் பல கைகள் மாறி, 2009இல் விபத்துக்குள்ளானது. பதிவேட்டிலோ முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவருக்கே உரியது என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று, காசை எண்ணிச் செலவழித்து, அதை மறந்தும்போன ஒருவரின் நிலை இது. பழுதுள்ள ஜீப்பை வாங்குபவர்களுள் பலர் அதைப் பட்டறையில் சீராக்கி மீண்டும் விற்பவர்கள் என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எனவே, பெயரும் தேதியும் எழுதாத படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுத் தரகரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்திற்குள் விற்றால், விற்பவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும்; வாங்கியவருக்கு 30 நாள் தவணை. அந்த 14 நாள்களை வாங்குபவரின் பொறுப்பில் விடாமல் நீங்களே செய்யுங்கள். பிற மாநிலத்தவர் வாங்கினால், படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெறவேண்டும். தில்லித் தலைநகர்ப் பகுதியினர் வாங்குவதாயின் முன்கூட்டியே விசாரியுங்கள். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் அங்கே 2018இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2025இல் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்து மாறுதலுக்கு உள்ளாயிற்று.

வண்டி வணிகரிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு பாதுகாப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகப் பதிவு செய்தால், அன்று முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள்.

கிளைகளில் அடிக்கடி காணும் ஒரு தடையையும் இங்கே குறிப்பிடவேண்டும். கடன் பல ஆண்டுகளுக்கு முன்பே அடைந்திருக்கும். ஆனால் ஹைப்பாதிகேஷன் பதிவு ஆர்.சி.யில் அப்படியே இருக்கும். கடன் முடிந்தவுடன் அது தானாக நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியின் கடிதத்துடன், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால்தான் நீங்கும். விற்பனைப் பேச்சைத் தொடங்குமுன் பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டியின் நிலையைப் பாருங்கள். நிலுவை அபராதங்களும் அங்கேயே தெரியும்.

பணம் பெறுகையில்

ஒரு விற்பனைக்காக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 முதல் வருமான வரிச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது; பெற்றவருக்கே அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். சொந்தப் பயன்பாட்டுக் காரின் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதை ஒளிக்கவேண்டிய தேவையும் இல்லை. வங்கிவழி மாற்றத்தையே வற்புறுத்துங்கள். கைபேசியில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள். வரைவோலை தந்தால் வழங்கிய கிளையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, வண்டியைப் பார்க்காமலேயே விலைக்கு இசைந்து, முன்பணம் ‘பெறுவதற்கு’ ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பும் மோசடி நாடெங்கும் நடந்திருக்கிறது. ஜீப்பு வகையில் இந்த வேடம் எளிதில் பொருந்திவிடுகிறது. பணம் பெற யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

சாவியைக் கொடுக்கும்போது தேதியுடன் மணியையும், ஓடிய கிலோமீட்டரையும் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ஒப்படைப்புத் தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விபத்தும் அபராதமும் மணிக்கணக்கில் பதிவாகின்றன. ஃபாஸ்டாக் உங்கள் பணத்துடன் இணைந்தது. வழங்கிய வங்கியில் சொல்லி அன்றே அதை மூடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிவியுங்கள். கோரிக்கையின்றிக் கழிந்த ஆண்டுகளுக்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. அதற்கான சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் நீங்கள் வாங்கும் அடுத்த காரின் காப்பீட்டில் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.